அழைப்பவர் பெயர்

ஓசூர், பாகலூர் ரோட்டில் மூன்றாவது மாடி.
ஏணிமேல் நின்று பைப்புக்குள் ஒயர் இழுக்கிறவனுக்கு
ரெண்டு கை போதாது.
அதனால் என் போன் வாயால் சொல்லும்:
யார் கூப்பிட்டாலும்
நான் பதிந்து வைத்த பெயரை
ஒரு பெண்குரலில், உரக்க.

அன்றைக்கு அதைக் காணோம்.
மணலைக் கிளறினோம்.
சிமெண்ட் மூட்டைச் சந்துகளில் கை விட்டோம்.
டைல்ஸ் ஒட்டுகிற பையன்
தன் போனிலிருந்து ஒரு ரிங் விட்டான்.
புட்டி பக்கெட்டுக்குப் பின்னாலிருந்து
அந்தப் பெண் கூவினாள்:
பீகாரி டைல்ஸ்.
பீகாரி டைல்ஸ்.
பீகாரி டைல்ஸ்.

சித்தாள்கள் சிரித்தார்கள், பிளம்பர் சிரித்தான்,
அவனும்தான் சிரித்தான், வாயின் ஒரு ஓரத்தில்.
போனை எடுத்து, பனியனில் தூசி துடைத்து
என் கையில் கொடுத்தான்.
"பீகார் இல்ல அண்ணா. ஒடிசா. கஞ்சம் ஜில்லா."
ரெண்டு வருஷமாக எனக்கும் சேர்த்து
டீ வாங்கி வருகிறவன்.

எல்லாம் ஒண்ணுதானேப்பா என்று
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
நின்றுவிட்டது.
எங்கேயோ கேட்ட வாக்கியம்.

மடிவாளாவில் எனக்குப் பத்தொன்பது வயசு.
பென்னாகரத்தில் பஸ் ஏறிப் போய்க் கம்பி கட்டினேன்.
மாதேசன் என்று ஒரு தடவை சொன்னால் போதும்,
அந்த மலைச்சாமி அவர்களுக்கும் சாமிதான்.
யாரும் கேட்கவில்லை.
"ஏய் கொங்கா, பாரோ இல்லி."
சம்பளச் சீட்டிலும் கொங்கா ஒன்று, கொங்கா ரெண்டு.
நான் நாலு.
காவிரிச் சண்டை வந்த டிசம்பரில்
அம்மா எழுதிய கடிதத்தைக்
கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு
அத்திப்பள்ளி வரைக்கும் ராத்திரியோடு நடந்தேன்,
வாயைத் திறக்காமல்.
திறந்தால் நாலு வெளியே வந்துவிடுவான்.

வீட்டில் படுத்துக்கொண்டு
பெயர்ப் பட்டியலை விரலால் தள்ளிப் பார்த்தேன்.
பாய் வெல்டிங்.
சேட்டு ஸ்விட்ச்.
கொல்டி பால்.
நேபாளி வாட்ச்மேன்.
எண்கள் இருந்தன. ஆள் ஒருத்தரையும் காணோம்.

வெல்டிங்காரரைக் கூப்பிட்டேன்.
"பாய், உங்க பேரு என்ன?"
ஒன்பது வருஷப் பழக்கம்.
"உடம்பு கிடம்பு சரியில்லையா மேஸ்திரி?" என்றார்.
கொஞ்ச நேரம் விட்டு, "ரஹ்மத்துல்லா."
பால்காரரைக் கேட்கத் தைரியம் வரவில்லை.
அவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறார், என் போனில்.

டைல்ஸ் பையனுக்கு அவனே எழுத்துக் கூட்டினான்.
தீனபந்து பெஹரா.
மகள் எட்டிப் பார்த்து
"யாருப்பா இந்தப் பந்து?" என்று சிரித்தாள்.
பந்து என்றால் சொந்தம்,
என் கல்யாணப் பத்திரிகையிலேயே இருக்கிறது,
இஷ்டமித்ர பந்துக்கள் சகிதம் என்றேன்.
அதற்குள் அவள் போய்விட்டாள்.

வீட்டு ஓனர் முனிரெட்டிக்கு வீட்டில் தெலுங்கு.
தீனபந்து ஒரு நாள் தெலுங்கில் சாவி கேட்டான்.
அவன் ஊர்ப்பக்கம் அதுவும் பேசுவார்களாம்.
அவர் முகம் ஒரு நிமிஷம் விரிந்தது.
அடுத்த நிமிஷம்,
"நீங்க என்ன ஆளுங்க?"

"சரி, உன் போனில் நான் யாரு?" என்று கேட்டேன்.
காட்டினான். வளையல் வளையலாய் எழுத்து.
படிக்கச் சொன்னேன்.
தலையைச் சொறிந்துகொண்டே படித்தான்:
கரண்ட் மதராசி.
மதராசுக்கு நான் மொத்தமே ரெண்டு தடவை போயிருக்கிறேன்,
ரெண்டும் ஆஸ்பத்திரிக்கு.
"மாத்தட்டுமா அண்ணா?"
"டீ ஆறுது, குடி" என்றேன்.
மாற்றினானா, தெரியாது.

இன்று காலை
ஏணியின் ஏழாவது படியில் நிற்கும்போது
போன் அடித்தது.
அந்தப் பெண்
தெரியாத ஊரின் பெயர்ப்பலகையைப் படிப்பதுபோல
தடுக்கித் தடுக்கிச் சொன்னாள்:
தீன. பந்து. பெ. ஹரா.
ஒயர் முனையைப் பல்லில் கடித்தபடி
ஒரு நொடி யோசித்தேன்,
யாரது?